ஒரே பெட்டியில் வரும் ஹோம் தியேட்டர்: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும் கேட்கிற கேள்விகள்

வீட்டில் ஒரு ஹோம் தியேட்டரை வைத்துக்கொண்டு நாலு பேரைப் படம் பார்க்க அழைத்துவிட்டால் போதும், அப்புறம் யார் புதிதாக வாங்கப் போனாலும் நமக்குத்தான் போன் வரும். அப்படி எனக்கு வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஸ்பீக்கர்கள், சப்வூஃபர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் சேர்ந்து ஒரே அட்டைப்பெட்டியில் வரும் செட்டுகளைப் பற்றி மட்டும்தான் பேச்சு. சுலபமானவை முதலில், தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

“ஹோம் தியேட்டர் செட்டுன்னா பெட்டிக்குள்ள என்னென்ன இருக்கும்?”

சாதாரணமாக ஆறு ஸ்பீக்கர்களும் ஒரு தலைமைப் பெட்டியும். டிவிக்கு இடமும் வலமும் ஒவ்வொன்று, டிவிக்கு நேர் கீழே படுக்கை வசமாக வைக்கும் சென்டர் ஸ்பீக்கர், உட்காருபவருக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கர்கள், அடிச்சத்தம் தருவதற்குத் தரையில் வைக்கும் சப்வூஃபர். தலைமைப் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபையரும், படத்தின் ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் டிகோடரும் இருக்கும். சில செட்டுகளில் தலைமைப் பெட்டி சப்வூஃபருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதில் தவறில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பின்பக்கம் ஹெச்டிஎம்ஐ அல்லது ஆப்டிகல் துளை இருக்கிறதா? ப்ளூடூத்தும் சாதாரண ஆடியோ பின்னும் மட்டும்தான் என்றால், ஐந்து ஸ்பீக்கர் இருந்தாலும் டிவியிலிருந்து நிஜமான சரவுண்ட் ஒலி உள்ளே போக வழியே இல்லை. ஏன் என்பதைப் பின் ஸ்பீக்கர் கேள்வியில் சொல்கிறேன்.

“5.1, 7.1, 5.1.2ன்னு போடறாங்களே, அந்தப் புள்ளி எதுக்கு?”

முதல் எண், காது மட்டத்தில் உங்களைச் சுற்றி நிற்கும் ஸ்பீக்கர்கள். இரண்டாவது, சப்வூஃபர். மூன்றாவது எண் இருந்தால் அது மேலிருந்து ஒலி தருபவை. சப்வூஃபரை ஆறாவது என்று எண்ணாமல் ‘புள்ளி ஒன்று’ என்று ஒதுக்கி வைத்ததற்குக் காரணம், அதற்கான ஒலித்தடம் (சேனல்) முழு ஒலியையும் சுமப்பதில்லை என்பதுதான். மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; அந்தத் தடத்தில் வருவது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமல் மட்டும்.

எண் கூடினால் தரமும் கூடும் என்று நினைக்க வேண்டாம். செட்டைச் செய்தவரிடம் இருந்த பணம் ஒன்றுதான். அதை ஐந்தாகப் பிரித்தாரா ஏழாகப் பிரித்தாரா என்பதே வித்தியாசம். சாதாரண அறைக்கு ஐந்து நல்ல ஸ்பீக்கர்கள் போதும்.

“சவுண்ட்பார் ஒண்ணு மாட்டிட்டா போதாதா?”

பலருக்குப் போதும். டிவியின் சொந்தச் சத்தம் மெலிவாக இருக்கிறது, வசனம் தெளிவாக வேண்டும், வயர் கூடாது என்றால் சவுண்ட்பாரை வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள். ஆனால் பின்னாலிருந்து வரும் ஒலியை அது சுவரில் மோதவிட்டோ, காதை ஏமாற்றும் கணக்குகள் போட்டோதான் காட்டுகிறது. இரண்டு பக்கமும் சுவர் ஏறக்குறைய சமதூரத்தில் இருந்தால் அந்த வித்தை ஓரளவு பலிக்கும். ஒரு பக்கம் திறந்த கூடம், மறுபக்கம் கனத்த திரைச்சீலை என்றால் பலிக்காது. முதுகுக்குப் பின்னால் நிஜமாக ஒரு ஸ்பீக்கர் இருப்பதற்கு ஈடு இல்லை.

“தனித்தனியா ரிசீவர், ஸ்பீக்கர்னு வாங்கினாத்தான் நல்லதுங்கறாங்க. பெட்டி செட்டு வேஸ்ட்டா?”

வேஸ்ட் இல்லை. ரிசீவர் என்பது தனியாக விற்கும் தலைமைப் பெட்டிதான். தனித்தனியாக வாங்கினால் தரத்துக்கு மேல்வரம்பு கிடையாது, பழுதான ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், நாளைக்கு மேம்படுத்தலாம். பெட்டி செட்டில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்து தருகிறார்கள், இணைப்பதும் சுலபம். குறை என்னவென்றால் மூளை ஒரே இடத்தில் இருக்கிறது: தலைமைப் பெட்டி போனால் மற்ற ஆறும் வெறும் மரப்பெட்டிகள்.

எனக்கே நடந்தது. என் முதல் செட்டின் தலைமைப் பெட்டி நாலாவது வருடம் உயிரை விட்டது. ஸ்பீக்கர்கள் புதிது மாதிரி இருந்தன. வேறொரு ஆம்ப்ளிஃபையரில் மாட்டலாம் என்று பார்த்தால், வயர் முனையில் அந்த நிறுவனத்துக்கே உரிய ஒரு பிளக். அதனால்தான் இப்போது யார் கேட்டாலும், வயரைத் திருகியோ அழுத்தியோ மாட்டும் சாதாரண முனைகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறேன்.

“1000 வாட்ஸ் செட்டு, 500 வாட்ஸைவிட ரெண்டு மடங்கு சத்தமா கேட்குமா?”

கேட்காது. வாட்ஸ் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு. காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த 1000 எங்கிருந்து வந்தது என்பது. பிஎம்பிஓ என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அது ஒரு கணம் மட்டும் பாய்வதாகச் சொல்லப்படும் விளம்பர எண், அதற்குப் பொதுவான அளவுகோலே இல்லை. ஆர்எம்எஸ் என்றால் தொடர்ந்து தரக்கூடியது. அதிலும் எத்தனை சதவீத ஒலிச்சிதைவில் அளந்தது என்று பாருங்கள். பெட்டி செட்டுகளில் பெரும்பாலும் 10 சதவீதம் என்று பொடி எழுத்தில் இருக்கும். 10 சதவீதச் சிதைவு என்றால் ஸ்பீக்கர் கதறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் யாரும் படம் பார்க்க மாட்டோம்.

ஒரு குறுக்கு வழி உண்டு. செட்டின் பின்புறத் தகட்டில் அது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று எழுதியிருக்கும். அது சராசரிப் பயன்பாட்டுக்கான எண், அதனால் விளம்பர வாட்ஸைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. ஆனால் அட்டையில் 1000 என்றும் தகட்டில் 60 என்றும் இருந்தால் எந்த எண்ணை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

“சரி, வாட்ஸைப் பார்க்க வேணாம்னா எதைப் பார்த்து வாங்கறது?”

காதால் பார்த்து வாங்குங்கள். கடையில் காட்டும் டெமோவை மட்டும் நம்பாதீர்கள். வெடிச்சத்தமும் கண்ணாடி உடைவதும் எந்த செட்டிலும் பிரமாதமாக இருக்கும், நிஜத்தில் அது எப்படி ஒலிக்கும் என்று நமக்கு ஒப்பிடத் தெரியாதே! மனிதக் குரல் அப்படியில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும். அதனால் நீங்கள் பலமுறை பார்த்த ஒரு படத்தில் இரண்டு பேர் அமைதியாகப் பேசும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். கனத்த ஆண் குரல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறதா? மூக்கால் பேசுகிறதா? ‘ச’, ‘ஸ’ வரும்போது காதில் ஊசி குத்துகிறதா? இதில் தோற்ற செட்டை அங்கேயே விட்டுவிடலாம், வேறு எதுவும் சோதிக்க வேண்டியதில்லை.

அடுத்து, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டு. சரவுண்ட் வித்தைகளை அணைத்துவிட்டு வெறும் ஸ்டீரியோவில் கேளுங்கள். பேஸ் கிட்டாரோ மிருதங்கத்தின் இடந்தலையோ ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஒரே ‘ங்ங்’ என்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது. மூன்றாவதாக, மழைக் காட்சி. மழை உங்களைச் சுற்றிப் பெய்ய வேண்டும். இதோ இந்தப் பின் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று விரலால் காட்ட முடிந்தால், அந்த ஸ்பீக்கரின் சத்தம் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது அல்லது அதன் தரம் முன் ஸ்பீக்கரோடு ஒட்டவில்லை.

இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலும் மூளை அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாமல், தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்று இருந்தால் போதும். அதன் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், இரண்டையும் சமமாக வைக்க உதவும்.

“அட்டைல 20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ்னு போட்டிருக்கே, அப்ப எல்லா ஒலியும் வந்துடுமில்ல?”

அந்த வரிக்குப் பக்கத்தில் ‘இத்தனை டெசிபல் கூடுதல் குறைவுக்குள்’ என்று இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. 20 ஹெர்ட்ஸில் ஏதோ ஒரு முனகல் வந்தாலும் ‘வருகிறது’ என்று எழுதிவிடலாம் அல்லவா? உள்ளங்கை அளவு சப்வூஃபர் 20 ஹெர்ட்ஸை உருப்படியாகத் தராது.

“டயலாக் கேட்கலைன்னு சத்தத்தைக் கூட்டினா, சண்டைக் காட்சில காது கிழியுது. செட்டு கோளாறா?”

எனக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான். பெரும்பாலும் கோளாறு இல்லை. சினிமாவின் ஒலி, கிசுகிசுப்புக்கும் வெடிக்கும் நடுவே பெரிய இடைவெளியோடு அமைக்கப்படுகிறது. திரையரங்கின் அமைதியில் அது எடுபடும், மின்விசிறி சுழலும் கூடத்தில் கிசுகிசுப்பு மூழ்கிவிடும். முதலில், மொத்தச் சத்தத்தைக் கூட்டாமல் சென்டர் ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். வசனத்தின் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் தனி அளவு வைக்கும் வசதி இல்லாத செட்டை வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டாவது, சென்டர் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது? அலமாரிக்குள் ஓரடி உள்ளே தள்ளி, மேலே ஒரு துணியையும் போட்டு வைத்திருந்தால் குரல் அமுங்கத்தான் செய்யும். பலகையின் முன்விளிம்புக்கு இழுத்து, உங்கள் முகத்தை நோக்கிச் சற்று நிமிர்த்தி வையுங்கள். மூன்றாவது, நைட் மோடு. பெரிய சத்தத்தைக் குறைத்துச் சிறியதை உயர்த்தும். தூங்கும் குழந்தை உள்ள வீட்டுக்கு வரப்பிரசாதம்.

“ஸ்பீக்கர்களை எங்கெங்க வைக்கணும்?”

நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து டிவியைப் பார்க்கும் நேர்கோட்டை பூஜ்ஜியம் டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்டர் அங்கே. முன் இடமும் வலமும் 30 டிகிரி. சரவுண்ட் இரண்டும் 110 டிகிரி, அதாவது தோளுக்கு நேராக வைத்து அங்கிருந்து சற்றுப் பின்னால் தள்ளி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஐந்து ஸ்பீக்கர் அமைப்புக்குப் பரிந்துரைக்கும் கோணங்கள் இவை. முன் ஸ்பீக்கர்களின் உயரம் உட்கார்ந்த நிலையில் உங்கள் காது மட்டம். சரவுண்டு கொஞ்சம் மேலே போனால் பரவாயில்லை. கூரையோடு ஒட்டி மூலையில் மாட்டுவது பார்க்க அடக்கமாக இருக்கும், கேட்க நன்றாக இருக்காது.

வயரை மாட்டும்போது சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன் ஸ்பீக்கர் ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். அடிநாதம் (பேஸ்) வற்றி, பாடகர் நடுவில் நிற்காமல் எங்கோ மிதப்பார். செட்டு மட்டம் என்று திருப்பிக் கொடுக்கப் போன ஒருவர் வீட்டில் இதுதான் நடந்திருந்தது.

“எங்க வீட்டு சோபா பின்சுவரோட ஒட்டித்தான் போட முடியும். சரவுண்ட் வேலைக்காவாதா?”

ஆகும். சரவுண்ட் இரண்டையும் தலைக்குப் பின்னால் சுவரில் திணிக்காமல் சோபாவின் இரு பக்கமும், 90 டிகிரிக்குப் பக்கத்தில், காதைவிட ஓரடி இரண்டடி உயரத்தில் வையுங்கள். முடிந்தால் சோபாவை ஒரு சாண் முன்னே இழுங்கள்; சுவரோரத்தில் அடிநாதம் ஊதிப் பெருக்கும். 7.1 செட்டு மட்டும் வாங்க வேண்டாம், பின்னால் வைக்க வேண்டிய இரண்டுக்கு உங்கள் வீட்டில் இடமே கிடையாது.

“சப்வூஃபர் கும்மு கும்முன்னு அடிக்குது, ஆனா நான் உட்கார்ற இடத்துல மட்டும் ஒண்ணுமே இல்லை. ஏன்?”

அறைதான் காரணம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 4 மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸ் அலையின் பாதி, இரண்டு சுவர்களுக்கும் நடுவே அச்சடித்தாற்போல் பொருந்திவிடும். அப்போது சுவரோரத்தில் அந்த ஒலி குவியும், அறையின் நட்டநடுவில் வற்றிவிடும். உங்கள் நாற்காலி அந்த வற்றிய இடத்தில் இருக்கிறது. சப்வூஃபரின் அளவை ஏற்றினால் அடுத்த அறை அதிருமே தவிர, உங்களுக்குக் கேட்காது.

இதற்கு ஒரு வேடிக்கையான வைத்தியம் உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். அடிநாதம் உள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சப்வூஃபரை வைக்க வாய்ப்புள்ள ஒவ்வொரு இடத்திலும் தவழ்ந்துபோய்க் காதைத் தாழ்த்திக் கேளுங்கள். எங்கே சீராகவும் தெளிவாகவும் கேட்கிறதோ அங்கே அதை வைத்துவிட்டு, நீங்கள் பழைய இடத்துக்குப் போய் உட்காருங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது அவ்வளவாகக் கண்டுபிடிக்காது, அதனால் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மூலையில் வைத்தால் சத்தம் கூடும், பெரும்பாலும் தெளிவு குறையும்.

“படத்துக்கு நல்லா இருக்கு, பாட்டுக்கு மட்டும் ஏதோ ஓட்டை விழுந்த மாதிரி இருக்கே?”

நிஜமாகவே ஓட்டைதான். இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நல்ல காது. பெட்டி செட்டில் ஸ்பீக்கர்கள் கைக்கடக்கமாக இருக்கும்; உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டரை மூன்று அங்குலக் கூம்பு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். அந்த எல்லைக்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்வூஃபர் ஏற்க வேண்டும். ஆனால் மலிவான சப்வூஃபர் 100 ஹெர்ட்ஸைத் தாண்டினால் குழறும். இரண்டுக்கும் நடுவில் விழும் பள்ளத்தில்தான் ஆண் குரலின் கனமும், செல்லோவின் உடம்பும், தபலாவின் டக்காவும் இருக்கின்றன. கனத்த ஆண் குரலைப் போட்டுப் பார்க்கச் சொன்னது இந்தப் பள்ளத்தைப் பிடிப்பதற்காகத்தான்.

செட்டில் இந்த எல்லையை வைக்கும் கிராஸோவர் என்ற அமைப்பு இருந்தால் அதை 120, 150, 180 என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எல்லையை இவ்வளவு மேலே ஏற்றினால் ஒரு விலை கொடுக்க வேண்டும்: 150 ஹெர்ட்ஸில் காதுக்குத் திசை தெரியும், குரலின் ஒரு பகுதி மூலையிலிருக்கும் சப்வூஃபரிலிருந்து வருவதுபோல் இருக்கும். அப்போது அதை முன்பக்கம் கொண்டுவரத்தான் வேண்டும், தவழ்ந்து கண்டுபிடித்த இடம் எவ்வளவு அருமையாக இருந்தாலும். அதனால் வாங்கும்போதே நாலு அங்குலமோ அதற்கு மேலோ கூம்பு உள்ள முன் ஸ்பீக்கர்கள் கிடைத்தால், அழகு பார்க்காமல் அதை எடுங்கள்.

“டிவியோட எதுல இணைக்கறது? ஹெச்டிஎம்ஐயா, ஆப்டிகலா?”

ஹெச்டிஎம்ஐ, அதிலும் டிவியின் பின்னால் ஏஆர்சி அல்லது ஈஏஆர்சி என்று எழுதிய துளை. மற்றத் துளைகளில் மாட்டினால் டிவியின் ஒலி வராது. ஏஆர்சி 2009இல் வந்தது. சரவுண்ட் ஒலி வடிவங்களான டால்பி டிஜிட்டல், ஓடிடி தளங்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் இரண்டும் இதில் போகும். 2017இல் ஹெச்டிஎம்ஐ 2.1உடன் அறிவித்த ஈஏஆர்சி, ப்ளூ-ரே தட்டுகளில் உள்ள இழப்பில்லாத ஒலியையும் சுமக்கும். தட்டே போடாதவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆப்டிகல் பழையது, ஆனால் நம்பகமானது. 5.1 டால்பி டிஜிட்டல் வரை போகும், மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் போகாது. ஹெச்டிஎம்ஐயில் கிடைக்கும் இன்னொரு சௌகரியம், டிவி ரிமோட்டிலேயே செட்டின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

“எல்லாம் சரியாத்தான் இணைச்சேன், பின் ஸ்பீக்கர் ரெண்டும் ஊமையா இருக்கே?”

முதலில் செட்டின் மெனுவில் டெஸ்ட் டோன் போடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராக இரைச்சல் வந்தால் வயர் சரி. அப்புறம் டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிசிஎம் என்று இருந்தால் ஏஆர்சியிலும் ஆப்டிகலிலும் இரண்டு தடம் மட்டும்தான் வெளியே வரும். அதை ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ்த்ரூ என்று உங்கள் டிவி எந்தப் பெயரில் வைத்திருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள்.

அதன் பிறகும் ஊமை என்றால், ஓடுவதே ஸ்டீரியோவாக இருக்கலாம். பழைய படங்கள், செய்திச் சேனல்கள், பெரும்பாலான இணைய வீடியோக்கள் அப்படித்தான். ப்ளூடூத்தில் அனுப்பினாலும் இரண்டு தடம்தான். முதல் கேள்வியில் துளையைப் பார்க்கச் சொன்னது இதற்காக. இரண்டு தடத்தை ஐந்தாக விரிக்கும் மோடு பல செட்டுகளில் உண்டு. எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியை நகலெடுக்கும் மோடும் உண்டு. அது விருந்துக்கு ஆகும், படத்துக்கு ஆகாது.

“பென் டிரைவ்ல இருக்கற ஒரு படத்துக்கு மட்டும் சத்தமே வரலை!”

அந்தப் படத்தின் ஒலி பெரும்பாலும் டிடிஎஸ் என்ற இன்னொரு வடிவத்தில் இருக்கும். செட்டுக்கு டிடிஎஸ் தெரிந்தாலும், நடுவில் நிற்கும் டிவிக்குத் தெரியாவிட்டால் பல டிவிகள் அதை அப்படியே கடத்திவிடாமல் விழுங்கிவிடுகின்றன. செட்டிலேயே யுஎஸ்பி துளை இருந்து அது வீடியோவையும் ஓட்டுமானால் அங்கே மாட்டிப் பாருங்கள். அல்லது படத்தில் வேறொரு ஒலித்தடம் இருக்கிறதா என்று மெனுவில் தேடுங்கள்.

“வயர்லெஸ் சரவுண்ட்னா வயரே வேணாமா?”

ஒலி மட்டும்தான் காற்றில் வரும், மின்சாரம் வராது. பின் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மின் இணைப்பு வேண்டும். இல்லையென்றால் காற்றில் வரும் ஒலியைப் பிடிக்கும் ஒரு சிறிய பெட்டியை மின்சாரத்தில் மாட்டி, அதிலிருந்து இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் வயர் இழுக்க வேண்டும். கூடத்தின் குறுக்கே வயர் போகாது என்ற அளவில் நிம்மதி. வாங்குமுன் சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

“அட்மாஸ்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா மேலேர்ந்து சத்தம் வருமா?”

ஸ்டிக்கர் சொல்வது, அட்மாஸ் ஒலியை அந்த செட்டு புரிந்துகொள்ளும் என்பதை மட்டுமே. மேலே அனுப்ப ஸ்பீக்கர் இருக்கிறதா என்று அந்த மூன்றாவது எண்ணைப் பாருங்கள். பெட்டி செட்டுகளில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் உச்சியில் கூரையைப் பார்த்தபடி ஒரு கூம்பு இருக்கும். ஒலி கூரையில் பட்டுத் தெறித்து உங்கள்மேல் விழும். கூரை தட்டையாக, கெட்டியாக, ரொம்ப உயரமில்லாமல் இருந்தால் பலிக்கும். சரிவான கூரையிலும் ஒலி உறிஞ்சும் ஓடுகள் பதித்த கூரையிலும் பலிக்காது. மேல் ஸ்பீக்கர் எதுவும் இல்லாத அட்மாஸ் செட்டு, ஏற்கெனவே சவுண்ட்பார் பதிலில் சொன்ன காதை ஏமாற்றும் கணக்குதான்.

“உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகுதே?”

எது முந்துகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்வதால் பெரும்பாலும் ஒலிதான் முந்தும். செட்டில் ஒலியைத் தாமதப்படுத்தும் ஆடியோ டிலே என்ற அமைப்பு இருக்கும், 10 மில்லி விநாடி விகிதம் ஏற்றிப் பாருங்கள். ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே நமக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை பொறுத்துக்கொள்வோம். மின்னலுக்குப் பிறகு இடியைக் கேட்டுப் பழகிய காது அல்லவா.

ஒலி பிந்தினால் செட்டால் ஒன்றும் செய்ய முடியாது, வராத ஒலியை முன்னே இழுக்க முடியாதே. டிவியில் உள்ள டிலேயைப் பூஜ்ஜியமாக்குங்கள். ப்ளூடூத் இணைப்பாக இருந்தால் வயருக்கு மாறுங்கள்.

“மைக் வெச்சு தானாவே செட் பண்ணிக்குது. அதை அப்படியே விட்டுடலாமா?”

சில செட்டுகளோடு வரும் மைக், ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் கேட்டு அதன் தூரத்தையும் அளவையும் தானே குறித்துக்கொள்ளும். தொடக்கத்துக்கு நல்லது. மைக்கைக் கையில் பிடிக்காமல், உங்கள் தலை இருக்கும் இடத்தில் ஸ்டாண்டிலோ அடுக்கிய புத்தகங்களின் மேலோ வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். முடிந்ததும் அது எழுதிய தூரங்களைப் பாருங்கள். 2 மீட்டரில் உள்ள ஸ்பீக்கரை 5 மீட்டர் என்று சொன்னால் ஏதோ பிசகு, திரும்ப அளக்கவிடுங்கள்.

சப்வூஃபருக்கு மட்டும் நிஜத் தூரத்தைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்த வேண்டாம். சப்வூஃபரின் உள்மின்சுற்று கொஞ்சம் தாமதிக்கும். அந்தத் தாமதத்தை மைக் தூரமாகக் கணக்கிடுகிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும், அதனால் 6 மில்லி விநாடித் தாமதம் 2 மீட்டர் கூடுதலாகத் தெரியும். இதைப் பிழை என்று டேப் வைத்து அளந்து ‘சரிசெய்து’ கெடுத்தவன் நான்தான்.

“முன் ஸ்பீக்கர் ரெண்டை மட்டும் பெரிசா மாத்திக்கலாமா?”

பின்னால் எழுதியிருக்கும் ஓம் எண்ணைப் பாருங்கள். பெட்டி செட்டுகளில் 3 அல்லது 4 ஓம் ஸ்பீக்கர்கள் சகஜம். அங்கே 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் ஆபத்தில்லை, ஆம்ப்ளிஃபையர் குறைந்த சக்தியே தரும். தலைகீழாக, 6 அல்லது 8 ஓமுக்குச் செய்த ஆம்ப்ளிஃபையரில் பழைய செட்டின் 3 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் சூடேறி அணைந்துபோகும், சில சமயம் திரும்ப எழாது. இன்னொன்று, முன்னிரண்டையும் மாற்றிவிட்டு சென்டரை அப்படியே விட்டால், கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் வேறு கார் ஆகிவிடும். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

“வாங்கிப் பத்து நாள் ஆச்சு. முதல் நாள் இருந்த பிரமிப்பு இப்ப இல்லை. ஏமாந்துட்டேனா?”

ஒரு நாள் மாலை செட்டை அணைத்துவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் ஒரு முழுப் படம் பாருங்கள். அரை மணி நேரத்தில் கை தானாக ரிமோட்டைத் தேடினால் நீங்கள் ஏமாறவில்லை, பழகிவிட்டீர்கள். தேடவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.